சிகிச்சைப் பரிசோதனையும் நோயாளியின் சம்மதமும்

மருந்து எதுவாயினும் ஒரு காலத்தில் அது குணம் அறியப்படாத பொருளாகவே இருந்தது. இன்று மருந்துக் கடையில் ஐயமின்றி வாங்கி உண்ணப்படும் குளிகை ஒவ்வொன்றையும் முதன்முதலாக உண்டவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். அவர் உண்ட பொழுதில் அதன் நன்மையை நிச்சயமாக அறிந்தவர் எவரும் இலர். தீமையை முற்றாக அறிந்தவரும் இலர். இவ்வாறு அறியாதனவற்றை அறிதற்பொருட்டு, மனிதரின் உடன்பாட்டோடு, வகுத்த ஒழுங்கின்படி நடத்தப்பெறும் ஆய்வே சிகிச்சைப் பரிசோதனை எனப்படும். நோயைக் கண்டறிவதற்காக இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தல் வேறு. ஒரு சிகிச்சையின் தன்மையையே சோதித்தல் வேறு. முன்னையது அந்நோயாளிக்காகச் செய்யப்படுவது. பின்னையது இனி வரும் நோயாளர் அனைவர்க்காகவும் செய்யப்படுவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார்க்கு இப்பொருள் விளங்குதல் அரிது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் மாணவர் பயிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளர் நாள்தோறும் வருகின்றனர். மருத்துவம் கற்பிக்கப்படும் இடத்தில் மருத்துவ ஆராய்ச்சியும் நிகழ்தல் இயல்பே. ஆகவே, ஓர் ஆய்வைப் பற்றி எடுத்துரைத்து, "இதிற் சேர உமக்கு விருப்பமா?" என்று வினவப்படும் நிலை எக்குடும்பத்தில் உள்ளார்க்கும் ஏற்படலாம். அவ்வேளையில் இருவகை விடைகள் எளிதில் வாயில் வரும். "டொக்டர் சொன்னால் எல்லாம் சரிதான், எங்கே கையொப்பம் வைக்கவேண்டும்?" என்பது ஒன்று. "எங்களை எலியாகவும் முயலாகவும் எண்ணிவிட்டார்களோ?" என்பது மற்றொன்று. முன்னது பக்தியிற் பிறந்தது. பின்னது அச்சத்திற் பிறந்தது. ஆராய்ந்து பிறந்தது இரண்டில் ஒன்றும் இல்லை. ஆராய்ந்து விடை கூறுதற்கு வேண்டுவன யாவை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

முதற்கண், இத்தகைய பரிசோதனை வேண்டியதுதானா என்னும் வினா எழும். அனுபவம் மிக்க வைத்தியர் பலர் ஒரு மருந்தை நல்லது என்று கூறினாற் போதாதோ எனின், போதாது என்பதே மருத்துவ வரலாறு தரும் விடை. நோய்களுட் பல தாமே தணிவன. தணிந்த காலத்தில் உண்ட மருந்துக்கே அப்பெருமை சென்றுவிடும். குணமடைந்தவர் மீண்டும் வந்து நன்றி கூறுவர். குணமடையாதவர் வேறு வைத்தியரை நாடிச் செல்வர். ஆதலால் வைத்தியரின் அனுபவமும் ஒருபக்கச் சாட்சியாகிவிடுதல் உண்டு. இக்குறையை நீக்கும் வழி ஒப்பிட்டு நோக்குதலே. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயால் வருந்திய மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராக ஆறு பகுதியாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையின எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைவிற் குணமடைந்தனர். ஒப்பீட்டு முறையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றது.

இக்காலப் பரிசோதனைகளில் ஒப்பீடு மேலும் நுட்பமாகச் செய்யப்படுகின்றது. சேர்வோர் இரு பகுதியினராகப் பிரிக்கப்படுவர். ஒரு பகுதியார்க்குப் புதிய மருந்தும், மற்றப் பகுதியார்க்கு வழக்கத்திலுள்ள மருந்தும் கொடுக்கப்படும். நம்பத்தக்க மருந்து முன்னரே இல்லாதவிடத்து, உருவத்தில் ஒத்ததும் மருந்துச் சத்து அற்றதுமான போலி மருந்து கொடுக்கப்படுதலும் உண்டு. யார் எப்பகுதியிற் சேர்வர் என்பதை வைத்தியரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. திருவுளச் சீட்டுப் போன்ற முறையொன்றே தீர்மானிக்கும். இன்னார்க்கு இன்ன மருந்து கிடைத்தது என்பது பல ஆய்வுகளில் இறுதிவரை இரு திறத்தார்க்கும் மறைக்கப்படும். விருப்பு வெறுப்புகள் முடிவைத் திரிக்காதிருத்தற்கே இவ்வேற்பாடு. 1948இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஸ்ரெப்ரோமைசின் ஆய்வு இம்முறைக்கு முன்மாதிரியாயிற்று. சயரோகிகள் 107 பேரில் 55 பேருக்கு அம்மருந்தும் படுக்கை ஓய்வும் அளிக்கப்பட்டன. 52 பேருக்கு ஓய்வு மாத்திரம் அளிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் முன்னவருள் நால்வரும் பின்னவருள் பதினால்வரும் இறந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று.

தமிழ் மக்களிடையே நிகழ்ந்து உலகம் முழுவதிலும் சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வும் ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் சயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, சென்னை அரசாங்கம், உலக சுகாதார தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் அதிற் கூடி உழைத்தன. சயரோகி சானற்றோரியத்தில் தங்கி, நல்ல உணவும் காற்றும் ஓய்வும் பெற்றாலன்றிப் பிழைத்தல் அரிது என்பது அக்காலத்தில் எங்கும் நிலவிய நம்பிக்கை. ஆனால் நோயாளர் தொகையோ பெரிது, கட்டில்களோ சில. வீட்டில் இருந்தவாறே மருந்துண்டால் என்ன நேரும் என்பதை அறிய, நோயாளர் 193 பேர் சீட்டு முறையால் இரு பகுதியாக்கப்பட்டு, ஒரு பகுதியார் வீட்டிலும் மற்றையோர் சானற்றோரியத்திலும் ஓராண்டு காலம் ஒரே வகை மருந்துகளை உண்டனர். வீட்டிலிருந்தோர் வறியோர், நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தோர், உணவிலும் குறைவுற்றோர். அங்ஙனமிருந்தும் ஆண்டிறுதியில் அவருள் 86 வீதத்தினரும் சானற்றோரியத்தில் இருந்தோருள் 92 வீதத்தினரும் கிருமி நீங்கி நோய் அடங்கப் பெற்றனர். பின்தொடர்ந்து நோக்கிய ஐந்தாண்டுக் காலத்திலும் இரு பகுதியார்க்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தார்க்கும் அதனால் மிகுதியான தீங்கு நேரவில்லை. 1959இல் இம்முடிவு வெளியானபின், வீட்டிலிருந்து மருந்துண்ணும் முறை நாடுகள் பலவற்றிலும் பரவிற்று. பிள்ளைகளைப் பிரிந்து மாதக்கணக்கிற் படுக்கையில் கிடக்கவேண்டிய துன்பத்தினின்று பிற்காலத்துச் சயரோகிகள் விடுபட்டமைக்கு அந்த 193 பேரும் ஒரு காரணர் ஆவர். அவர் பெயரை இன்று அறிவார் இலர்.

இலங்கையில் நிகழ்ந்த ஆய்வொன்றும் குடாநாட்டார்க்கு நெருங்கிய பொருள் பற்றியது. வயலிலும் தோட்டத்திலும் உழைப்பாரையும், இரவில் நிலத்திற் பாய்விரித்துத் துயில்வாரையும் பாம்பு தீண்டுதல் இங்கு அறியாத செய்தியன்று. இலங்கையிற் பெரிதும் வழங்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் ஆக்கப்படுவது. உயிர்காக்கும் அம்மருந்தே உடம்பிற் கடுப்பையும் மூச்சுத் திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்குவதும் உண்டு. இவற்றைத் தடுத்தற்கு அதிரினலின், புறொமெதசின், ஐதரோகோட்டிசோன் என்னும் மூன்றனுள் ஒன்றையோ பலவற்றையோ முற்கூட்டி ஏற்றும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தின் பயன் யாது என்பதை இலங்கை ஆராய்ச்சியாளர் 1007 நோயாளரிடத்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். அந்நோயாளருள் 75 வீதத்தினர்க்கு விஷமுறி மருந்தின் ஒவ்வாமை ஏற்பட்டது. சிறிதளவு அதிரினலின் கடும் ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதத்தாற் குறைத்தது. மற்றை இரண்டும் பயன்படவில்லை. ஐதரோகோட்டிசோனோ அதிரினலினோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது அதன் நன்மையையும் அழித்தது. நல்லெண்ணத்தோடு கைக்கொள்ளப்பட்ட வழக்கங்களும் ஒப்பிட்டு நோக்காதவிடத்துப் பயனற்றனவாதல் கூடும் என்பதை இது காட்டுகின்றது. பரிசோதனை வேண்டாம் என்பார், சோதிக்கப்படாத சிகிச்சையையே வேண்டுவோர் ஆவர் என்பதும் இதனாற் பெறப்படும்.

எனினும் ஆய்வின் பயனை மாத்திரம் கூறி அமைதல் நேர்மையாகாது. அறிவை வளர்ப்பதாகச் சொல்லி மனிதரை வஞ்சித்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள தஸ்கீகி என்னும் இடத்தில் 1932 முதல் 1972 வரை, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையினர் கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 600 பேரை ஆய்வுக்கு உட்படுத்தினர். அவருள் 399 பேர் சிபிலிசு நோயுடையோர். நோயின் பெயர் அவர்க்கு உரைக்கப்படவில்லை. பெனிசிலின் அந்நோய்க்கு உரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும் அஃது அவர்க்கு அளிக்கப்படவில்லை. மருந்தின்றி நோய் எவ்வாறு முதிர்கின்றது என்பதை அறிய அவர் உடல்கள் கருவியாக்கப்பட்டன. மேலே கூறிய ஸ்ரெப்ரோமைசின் ஆய்விலும், மருந்து பெறாத பகுதியார் தாம் ஓர் ஆய்வில் இடம்பெற்றிருத்தலை அறியாதவராகவே வைக்கப்பட்டனர். ஒழுங்கு தவறாத ஆய்விலும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டு இலண்டனில் புதிய மருந்தொன்றை முதன்முதலாக ஏற்றுக்கொண்ட நல்ல உடல்நலமுடைய இளைஞர் அறுவர் சில மணி நேரத்துள் கடும் நோய்வாய்ப்பட்டனர். அவர் உயிர் பிழைத்தமை தீவிர சிகிச்சையினாலாயது.

இத்தகைய கொடுமைகளும் விபத்துகளுமே இன்றுள்ள காவல்களுக்குக் காரணமாயின. நாசி வைத்தியர் சிறைமுகாம்களில் இழைத்த கொடுமைகளை விசாரித்த நீதிமன்றம் 1947இல் நியூரம்பேர்க் நெறிகளை வகுத்தது. ஆய்வுக்கு உட்படுவோரின் சுயவிருப்பமான சம்மதம் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஏற்று, பின்னர்ப் பலமுறை திருத்தியுள்ளது. 2024இலும் ஒருமுறை திருத்தப்பட்டது. நோயாளியின் நலம் அறிவின் நலத்துக்கு முற்பட்டது என்பதே அதன் உட்கருத்து. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மருந்துகளின் சிகிச்சைப் பரிசோதனைகளையும் தன் ஆளுகைக்குள் அடக்கியுள்ளது. மருத்துவ பீடங்களில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் இயங்குகின்றன. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் அத்தகைய குழு உண்டு. ஆய்வுத் திட்டத்தை ஆய்வாளர் அல்லாதார் முன்னரே ஆராய்ந்து அனுமதித்தலும் மறுத்தலும் அக்குழுவின் கடமை. 2006இல் தொடங்கப்பெற்ற இலங்கைச் சிகிச்சைப் பரிசோதனைப் பதிவேடு எவரும் பார்வையிடத்தக்கது. ஆய்வின் நோக்கமும் முறையும் அதில் முன்கூட்டியே பதியப்படுதலால், முடிவு விரும்பியவாறு அமையாதபோது ஆய்வையே மறைத்துவிடுதல் எளிதன்று.

இக்காவல்கள் எல்லாம் வாயிற்புறக் காவல்களே. உள்ளிருந்து காப்பது நோயாளியின் சம்மதம் ஒன்றே. சம்மதம் என்பது தாளில் இடப்படும் கையொப்பம் அன்று; கையொப்பம் அதன் அடையாளம் மாத்திரமே. விளங்கிக்கொள்ளுதல், ஆராய்தல், வற்புறுத்தல் இன்றித் தெரிதல் என்னும் மூன்றும் கூடியவிடத்தே சம்மதம் உளதாகும். ஆகவே, முடிவு செய்யுமுன் நோயாளி வினவற்குரியன சில உள.

முதலாவது வினா, இவ்வாய்வு எதனை அறிய விரும்புகின்றது, எந்நிலையில் உள்ளது என்பது. முதல் நிலை ஆய்வு சிலரிடத்தே மருந்தின் பத்திரத்தை அறிய முயல்வது. சேர்வோர்க்கு நன்மை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அங்கு இடம் குறைவு. இரண்டாம் நிலை தக்க அளவையும் பயனின் அறிகுறியையும் தேடுவது. மூன்றாம் நிலை நூற்றுக்கணக்கானோர், ஆயிரக்கணக்கானோரிடத்துப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவது. நான்காம் நிலை, மருந்து விற்பனைக்கு வந்தபின் அரிதாகத் தோன்றும் தீமைகளைக் காண்பது. நிலைக்குத் தக்கவாறு ஆபத்தும் பயனும் வேறுபடும்.

இரண்டாவது வினா, சேராவிடின் கிடைக்கும் சிகிச்சை யாது என்பது. இதனை வினவாது முடிவு செய்தல் ஒரு தட்டு மாத்திரம் உடைய தராசில் நிறுப்பதை ஒக்கும். வழக்கமான சிகிச்சை நல்ல பயன் தருவதாயின், புதியதை நாடுதற்குத் தக்க காரணம் வேண்டும். வழக்கமான சிகிச்சை கைவிட்ட நோயாயின் நிலைமை வேறு.

மூன்றாவது வினா, தமக்கு எம்மருந்து கிடைக்கும் என்பதை யார் தெரிவு செய்வர் என்பது. நோயாளர் பலர் இவ்விடத்திலேயே இடர்ப்படுகின்றனர். "எனக்கு எது நல்லதோ அதைத்தான் டொக்டர் தருவார்" என்று எண்ணி அவர் கையொப்பமிடுவர். சீட்டு முறை ஆய்வில் அவ்வெண்ணம் பொருந்தாது. அங்கு மருந்தைத் தெரிவது வைத்தியரின் கருணையன்று, சீட்டின் ஒழுங்கே. இதனை உணர்ந்தபின்னும் சேர விரும்புவாராயின் அவர் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகும்.

நான்காவது, என்னென்ன தீமைகள் நேரலாம், அவை எத்துணை பேர்க்கு நேர்ந்துள்ளன, நேர்ந்தால் சிகிச்சையையும் நட்டஈட்டையும் யார் பொறுப்பர் என்பது. ஐந்தாவது, எத்தனை முறை வைத்தியசாலைக்கு வரவேண்டும், இரத்தம் எத்தனை முறை எடுக்கப்படும், பஸ் செலவை யார் தருவர் என்பது. நெடுந்தீவிலிருந்து படகேறி வரும் கடற்றொழிலாளிக்கும் நாட்கூலி பெறுவோர்க்கும் இது சிறிய வினாவன்று. செலவுப் பணம் தருதல் முறையே. ஆயின் வறுமையால் ஆபத்தைக் காணாது கண்மூடச் செய்யும் அளவு பெருந்தொகை தருதல் முறையன்று. ஆறாவது, இடையில் விலகலாமா என்பது. காரணம் கூறாமலே விலகலாம். விலகினாலும், முதலிலேயே மறுத்தாலும், வழக்கமான சிகிச்சையிற் குறை நேர்தல் ஆகாது என்பது உலகம் ஒப்பிய விதி.

இவ்வினாக்களை எழுப்புதல் குடாநாட்டிற் பலர்க்கு எளிதன்று. வைத்தியரை எதிர்வினவுதல் மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் இங்கு ஆழ வேரூன்றியுள்ளது. "வேண்டாம்" என்று கூறினால் நாளை கவனிக்கமாட்டார்களோ என்ற அச்சமும் உண்டு. அன்றியும், முடிவைக் குடும்பத்தின் மூத்தோர் செய்ய, நோயாளி மௌனமாய் இருத்தலும் வழக்கம். மனைவிக்காகக் கணவரும், தாய்க்காக மகனும் விடை கூறுதலைக் காணலாம். குடும்பத்தாரோடு கலந்து பேசுதல் நன்று. வீட்டுக்குச் சென்று பேசி வருவதற்கு அவகாசம் கேட்டலும் நன்று. ஆனால் ஊசி ஏறுவது நோயாளியின் உடம்பில் ஆதலின், தம் அறிவோடு இருக்கும் வயதுவந்தவரின் சொல்லே இறுதிச் சொல்லாதல் வேண்டும். சிறுபிள்ளைகள் பொருட்டுப் பெற்றோர் சம்மதிப்பர். விளங்கும் வயதுடைய பிள்ளையின் உடன்பாட்டையும் கேட்டல் முறை. பாம்பு தீண்டி மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுவார் போன்றோர் திறத்து, உறவினர் சம்மதிப்பதும், அறிவு தெளிந்தபின் நோயாளியையே மீண்டும் கேட்பதும் ஒழுக்கநெறிக் குழுக்கள் கைக்கொள்ளும் வழிகளுள் ஒன்று. அவசர வேளையில் எடுத்த முடிவு பின்னர் மாற்றத்தக்கது என்பதை உறவினர் அறிந்திருத்தல் நலம்.

இவை யாவற்றுக்கும் அடிப்படை மொழி. ஆய்வு பற்றிய விளக்கத்தாள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, பின்னர்ச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கப்படின், தமிழறிந்தாரும் அதனை விளங்கமாட்டார். விளங்காத தாளிற் பெற்ற கையொப்பம் பெறாத கையொப்பமே. இத்துறையில் யாழ்ப்பாணத்துக்குப் பெருமைக்குரிய மரபொன்று உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 தொடக்கம் அதனைத் தமிழிலேயே கற்பிக்கலானார். தம் மாணவரின் துணையோடு அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் தொகுத்து, 1873இல் தாயகம் மீண்டார். தமிழிற் பயின்ற வைத்தியர் தம் மக்களிடையே தங்கி, அவர்க்கு விளங்கும் மொழியிற் பேசுவர் என்பது அவர் கருத்து. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உடற்கூற்று நூலைத் தாங்கிய தமிழ், இன்று இரண்டு பக்க விளக்கத்தாளைத் தாங்காது என்று கூறுதல் பொருந்தாது.

ஈண்டுக் கற்றோர்க்கு உரிய பணி ஒன்று உண்டு. அயலில் உள்ள முதியவர் ஒருவர் விளக்கத்தாளோடு வருவாராயின், "சேருங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ கூறுதல் அப்பணியன்று. அவரோடு இருந்து அதனை வாசித்து, ஒவ்வொரு பகுதியையும் அவர் தம் சொல்லிலேயே திருப்பிக் கூறுமாறு கேட்டல் வேண்டும். திருப்பிக் கூற இயலாத பகுதி விளங்காத பகுதி. அதனைக் குறித்து வைத்து வைத்தியரிடம் வினவச் செய்தல் வேண்டும். பின்னர் எது இழக்க அஞ்சுகின்றார், எது பெற விரும்புகின்றார் என்பதை அவரே எண்ணுதற்கு அமைதியான பொழுது அளித்தல் வேண்டும். ஆராய்ந்து சேர்ந்தவரும் பெரியர். ஆராய்ந்து மறுத்தவரும் சிறியர் அல்லர். மறுத்தற்கு உரிமை இருத்தலினாலேயே சேர்தல் கொடையாகின்றது.

மருத்துவத்தின் கூறுகளை வகுக்கும் திருக்குறளின் மருந்து அதிகாரம் மருந்தையும் வைத்தியரையும் மாத்திரம் எண்ணி அமையவில்லை. நோயுற்றவரை முதலில் வைத்தே ஏனையவற்றை எண்ணுகின்றது. நோயாளி மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் பொருளல்லர், அதன் முதற் பகுதி என்னும் அக்கருத்து, சிகிச்சைப் பரிசோதனையில் மிகவும் பொருந்துவதாகும். யாழ்ப்பாணத்தில் இனி நிகழும் ஆய்வுகளிற் சேர்வோர், தாம் செய்வது இன்னதென்று தமிழில் தெளிந்து, தம் வாயால் வினவி, தம் மனத்தால் முடிவுசெய்து சேர்வாராயின், அவ்வாய்வுகளின் பயனும் பெருகும். அவரின் மானமும் காக்கப்படும்.